மூன்றாவது கிளை

கம்பெனி ஐந்து புதுக் கிளைகள் திறக்கப்போவது எட்டு மாதம் முன்பே அண்ணிக்குத் தெரியும். பெயின்ட், குழாய், டைல்ஸ், கதவு என்று வீட்டுக்கு வேண்டிய அத்தனையும் ஒரே கூரைக்குள் விற்கிற கம்பெனி. மூன்றாவது கிளைக்கு அவள்தான் மேனேஜர். இடம், அவள் கொழுந்தனின் ஹார்ட்வேர் கடைக்கு நேர் எதிரே. வெளியே மூச்சு விடக்கூடாது என்று எழுதி வாங்கியிருந்தார்கள்.

அதே எட்டு மாதத்தில் கொழுந்தன் பக்கத்துக் கடையையும் வாங்கி, நடுச்சுவரை இடித்துப் பெரிதாக்கினான். "எப்படி அண்ணி இருக்கு?" என்று கேட்டான். "நல்லாருக்கு தம்பி" என்றாள்.

எதிரே பெயர்ப்பலகை ஏறிய அன்று மதியம், அதன் கீழே அண்ணி மேனேஜராக நிற்பதைப் பார்த்த அவன் கடப்பாரையோடு உள்ளே நுழைந்தான். தடுக்கப் போன காவலாளிக்கு முதல் அடி, பல் தெறித்தது. அடுத்து வாஷ்பேசின்கள், கண்ணாடிகள். சில்லு கிழித்து நெற்றியில் ரத்தம் வழிந்ததைத் துடைக்கக்கூட இல்லை.

"சுவரை இடிக்கும்போது கூடவே நின்னியேடி! ஒரு வார்த்தை சொன்னியா?"

அவள் கல்யாணமாகி வந்த பன்னிரண்டு வருஷத்தில் அவன் அவளிடம் ஒருமையில் பேசியதே இல்லை.

"என் கையைக் கட்டிப்போட்டுட்டாங்க தம்பி..."

"வாயையுமா?"

கடப்பாரை அவள் காதை உரசிப்போய் ரேக்கில் மோதியது. பெயின்ட் டப்பாக்கள் சரிந்து உடைந்தன. அவன் மறுபடி ஓங்குவதற்குள், கைக்கு அகப்பட்ட இரும்புச் சட்டத்தால் அவன் தோளில் விட்டாள் ஒன்று. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அவன் பெயின்டில் வழுக்கி விழுந்தான். கடப்பாரை உருண்டு எங்கோ போனது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பயமா, ஆத்திரமா, அவளுக்கே தெரியவில்லை. அதே தோளில் இன்னும் இரண்டு முறை அடித்தாள். "அண்ணி, போதும் அண்ணி" என்று அவன் முனகியபோதுதான் சட்டம் கைநழுவியது.

"தற்காப்புக்காக அடிச்சீங்க, சரிதானே?" என்று கேட்டபடியே எழுதினார் இன்ஸ்பெக்டர்.

"அவன் விழுந்தப்புறமும் அடிச்சேன் சார்."

பேனா நின்றது. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா. உங்க கம்பெனிலேர்ந்து பேசிட்டாங்க."

ஆஸ்பத்திரியில் கணவன் வாசலை மறித்து நின்றான். "பெத்த பிள்ளை மாதிரி வளர்த்தேன் அவனை. உள்ள வராதே."

கிளை சொன்ன தேதியில் திறந்தது. கொழுந்தனின் வலது கை தோளுக்கு மேல் எழும்பவேயில்லை; நாலே மாதத்தில் கடையை மூடினான். கணவன் துணிமணிகளை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டோடு போய்விட்டான். அவள் தடுக்கவில்லை.