பள்ளி முத்திரை குத்திய பட்டியல்

கஜா புயல் ஆலங்குடிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்துப் போட்ட பத்தாம் நாள், ஓடு பறந்த பள்ளிக்கூடத்துக்கு ஒரு வேன் நிறைய அரிசியும் தார்ப்பாயும் வந்தன. கூட வந்தவர் பவ்வியமாகக் கும்பிட்டார். வீடு போன பிளஸ் டூ பெண்களின் விவரம் வேண்டும், மேற்கொண்டு படிக்க உதவப் போகிறோம் என்றார். தலைமையாசிரியை பொறுப்பில் இருந்த அருள்ராணி டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழு பேரின் பெயர், ஊர், அப்பாவின் போன் நம்பர் எல்லாம் தன் கைப்பட எழுதி, பள்ளி முத்திரையும் குத்திக் கொடுத்தாள். நீங்கள் யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. படித்தவள் செய்கிற காரியமா அது! ஆனால் அன்றைக்கு அரிசியோடு வந்தவரெல்லாம் தெய்வமாகத்தான் தெரிந்தார்கள்.

பள்ளி மறுபடி திறந்து ஒரு வாரமாகியும் பிரகதீஸ்வரி வரவில்லை. வகுப்பில் முதல் மார்க் அவள்தான். நனைந்துபோன புத்தகங்களுக்குப் பதில் புதுக்கோட்டையில் ஒரு செட் வாங்கிக்கொண்டு டீச்சர் அவள் வீட்டுக்கே போனாள்.

தார்ப்பாய்க்கு அடியில் அவளுடைய அப்பா ஆவுடையப்பன் உட்கார்ந்திருந்தார். அரிசி வேனில் வந்தவர்தான் மகளைத் திருப்பூர்ப் பக்கம் ஒரு மில்லில் சேர்த்துவிட்டாராம். பகலில் வேலை, சாயங்காலம் படிப்பு, பரீட்சைக்கும் அவர்களே அனுப்புவார்களாம். மற்ற ஆறு வீட்டிலும் அந்த ஆளை வாசலோடு திருப்பிவிட்டார்கள்.

"ஒங்க பேப்பரக் காட்டுனாருங்க டீச்சர். ஒங்க கையெழுத்து எனக்குத் தெரியாதா? மத்தவுக யோசிச்சாக, நான் யோசிக்கலை."

குற்றமாகச் சொல்லவில்லை அவர். நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அவரிடம் நம்பர் வாங்கி, அங்கேயே நின்று மில் விடுதிக்குப் போன் போட்டாள். ஒரு வருஷம் முடியாமல் லீவு கிடையாது என்று கறாராகச் சொன்ன வார்டன், கெஞ்சிய பிறகு ரெண்டு நிமிஷம் பேசவிட்டாள். படிக்கவெல்லாம் இங்கே விடுவதில்லை என்று பிரகதீஸ்வரி குரலைத் தாழ்த்திச் சொன்னாள். நாளைக்கே வந்து கூட்டிக்கொண்டு போகிறேன், கேட்டில் வந்து நிற்கிறேன் என்று டீச்சர் படபடத்தாள்.

"வேணாங்க டீச்சர். நான் அனுப்புறதுலதான் அப்பா இனிச் சாப்புடணும். தென்னை வச்சு, அது என்னைக்குக் காய்க்கிறது?"

மெஷின் சத்தத்துக்கு நடுவே அவளே தொடர்ந்தாள்.

"பரீட்சை லிஸ்ட்ல எம்பேர அடிச்சிருங்க டீச்சர். நான் ஆப்சென்ட்டானா நம்ம ஸ்கூலுக்கு நூறு பர்சன்ட் பாஸ் போயிருமுல்ல. ஒங்களத்தான் ஆபீஸ்ல கூப்புட்டுத் திட்டுவாக."

அருள்ராணி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் பிள்ளை, "டீச்சர், லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.