மெக்கானிக்கின் வலது தோள்

நம் மெக்கானிக்குக்கு வலது தோள் இறுகிப்போய் இரண்டு மாதமாகிறது. சட்டைக்குள் கையை நுழைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வாயைத் திறந்து பெண்டாட்டியிடம் சொல்லலாம் இல்லையா? மாட்டார். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்துப் பிறந்த குழந்தை, எட்டு மாதம்தான் ஆகிறது. போன மாதம் அதைக் குளிப்பாட்டித் தூக்கும்போது தோளில் சுரீரென்று ஒரு வெட்டு வெட்டி, கை அப்படியே விட்டுவிட்டது. நல்லவேளை, அவர் மடியிலேயே விழுந்தது. குழந்தை சிரித்தது, அவருக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. அன்றிலிருந்து தூக்குவதில்லை. "கையெல்லாம் கிரீஸ்" என்பார், "சளி பிடிச்சிருக்கு" என்பார்.

திங்கட்கிழமை மனைவி மறுபடி வேலைக்குப் போகிறாள். மதியம் அவள் திரும்பும்வரை குழந்தை இவர் பொறுப்பு. அதற்குப் பிறகு கடையைத் திறந்தால் போதும் என்று ஏற்பாடு.

பெண்டாட்டிக்குத் தெரியாமல் போய்ப் பார்த்த பிசியோதெரபி பெண் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். "குனிஞ்சு நின்னு, கையைத் தொங்கவிட்டு மெதுவா ஆட்டுங்க. சுவத்துல விரலாலேயே மேல ஏறுங்க. லேசா இழுத்துப் பிடிக்கிற வரைக்கும் போகலாம். சுருக்குன்னு வலிச்சா அதோட விட்டுடணும். அவசரப்பட்டா காரியம் கெட்டுடும் சார்."

"திங்கக்கிழமைக்குள்ள சரியாயிடுமா?"

அவள் சிரித்தே விட்டாள். "மாசக்கணக்கா ஆகும்."

கேட்கிற ஆளா இவர்? துருப்பிடித்த நட்டு அசையாவிட்டால் ஸ்பானரின் பின்னால் ஒரு பைப்பைச் சொருகி ஒரே இழுப்பாக இழுப்பவர். தோளும் அப்படித்தான் என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை கடை ஷட்டரை இறக்கிவிட்டு, துண்டை முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, கீழ் நுனியை வலது கையால் பிடித்து, மேலேயிருந்து இடது கையால் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நட்டு கழன்றதா? கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. அதுவரை மார்பு வரையாவது எழும்பிய கை, இப்போது இடுப்போடு நின்றது.

வீட்டுக்குள் காலை வைத்ததும் மனைவி குழந்தையை நீட்டினாள். "இந்தாங்க, பிடிங்க. அடுப்புல பால் பொங்குது."

அவர் ஓரடி பின்னால் போனார்.

அடுப்பை அணைத்துவிட்டு அவள் வந்து எதிரே நின்றாள். "இவளைப் புடிக்கலையா உங்களுக்கு? ஒரு மாசமா பாக்கறேன், தொடவே மாட்டேங்கறீங்க. நாளைக்கு எந்த தைரியத்துல இவளை விட்டுட்டுப் போவேன்?"

"புடிக்காமலா? போட்டுடுவேன்மா! கை வரல. ஒரு தடவை போட்டுட்டேன்." சொல்லி முடிப்பதற்குள் மனிதர் தேம்பிவிட்டார்.

அவள் முதலில் குழந்தையின் தலையைத் தடவிப் பார்த்தாள். அப்புறம்தான் அவர் தோளைப் பார்த்தாள். "லூசாங்க நீங்க? இதைப் போய் மூடி மறைப்பாங்களா?" கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஒரு மாதமாகத் தான் தண்டத்துக்கு அழுதிருக்கிறோம் என்ற ஆத்திரம் வேறு. விடுவிடுவென்று கட்டிலிலிருந்து மெத்தையை இறக்கித் தரையில் போட்டாள். "தூக்கவே வேணாம். இங்கயே உக்காந்து பாத்துக்குங்க. தரையிலேருந்து எங்க விழப்போறா?"

சொல்ல எளிதாக இருந்தது. திங்கட்கிழமை காலை கதவு சாத்தியதும் குழந்தை கதவைப் பார்த்தது, அவரைப் பார்த்தது, வீடே அதிர வீறிட்டது. கிலுகிலுப்பையை ஆட்டினார். பால் புட்டியைக் காட்டினார். ஊஹூம். முகம் சிவந்து, மூச்சு அடைத்து அழுதது. அவர் கை தன்னையறியாமல் நீண்டது. வலது தோள் பாதியிலேயே நிறுத்தியது. வேறு வழி தெரியாமல் அதன் பக்கத்தில் மல்லாந்து படுத்துவிட்டார். "அப்பாவால முடியலடா குட்டி."

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. இடது கையால் எடுத்தார்.

"சத்தமே காணோம், அழறாளா?"

"இல்ல."

"ஐயோ, தூக்கிட்டீங்களா?"

அவர் மூச்சைக்கூட மெதுவாக விட்டார். "நான் எங்க தூக்கினேன்? அவளே தவழ்ந்து வந்து, நெஞ்சு மேல ஏறிப் படுத்துத் தூங்கிட்டா."