ஜன்னலைச் சாத்து

ஹம்ஸினிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று சாயங்காலம் மாதாப்பூர் மைதானத்து மேடையில் ஏறும்போதே சிவந்துதான் இருந்தது. அவர்களுக்கு முன்னால் வாசித்த குழு பூராவும் இரவல் பாட்டுகளாகவே வாசித்துத் தள்ளியிருந்தது. கூட்டம் அதற்கு விசிலடித்துத் தீர்த்தது. சொந்தப் பாட்டு என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், இந்த ஊரில் பாதிப் பேர் சமோசா வாங்கக் கிளம்பிவிடுவார்கள். ஐந்து வருஷமாக அந்த முதுகுகளைப் பார்த்துத்தான் அவள் பாடிவந்தாள்.

'தேர்ட் ஷிஃப்ட்' என்பது அவர்களுடைய ராக் குழு. மொத்தமே மூன்று பேர். பாடுவதும் பேஸ் கிட்டாரும் ஹம்ஸினி. டிரம்ஸ் ஸ்ரீகாந்த். லீட் கிட்டார் மாதவ். திருச்சியிலிருந்து வந்து மாதாப்பூரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை பார்ப்பவன். போவன்பள்ளி மார்க்கெட்டை ஒட்டி ஸ்ரீகாந்தின் சித்தப்பாவுக்கு ஒரு வெங்காயக் கிடங்கு இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மூட்டைகளைச் சுற்றிலும் அடுக்கிவிட்டு நடுவில் உட்கார்ந்து வாசிப்பார்கள். மூட்டை சத்தத்தை வாங்கிக்கொள்ளும். அக்கம்பக்கத்தில் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். சரக்கு காலியான வாரங்களில் டிரம்ஸை அடக்கி வாசிக்க வேண்டும். விலை ஏறட்டும் என்று சித்தப்பா வெங்காயத்தைப் பதுக்கிவைத்த மாதங்களில்தான் அவர்களுடைய நல்ல பாட்டுகளெல்லாம் பிறந்தன.

அப்படிப் பிறந்ததுதான் 'கிட்கி பந்த் கர்'. ஜன்னலைச் சாத்து. ஹம்ஸினியின் அப்பா உமாசங்கர் பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் வேலை பார்த்துச் சேர்த்ததையெல்லாம் போட்டு ஜீடிமெட்லா பக்கம் வீடு கட்டினார். பொழுது சாய்ந்ததும் அங்கே மருந்துத் தொழிற்சாலைகள் புகையைத் திறந்துவிடும். அழுகிய முட்டையும் ஸ்பிரிட்டும் கலந்த நாற்றம். "வந்துடுத்து, ஜன்னலைச் சாத்து" என்பாள் அம்மா கல்பகம். சாத்தினாலும் ராத்திரி முழுக்க இருமுவாள். புகார் சொல்லப் போன அப்பாவிடம், காற்று எந்தத் தொழிற்சாலையிலிருந்து வருகிறதென்று நிரூபிக்கச் சொன்னார்கள். காற்றைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டா போய் நிறுத்த முடியும்?

வயிறெரிந்து ஹம்ஸினி எழுதிய பாட்டு அது. எல்லாருக்கும் உறைக்கட்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் பேசும் ஹிந்தியில் எழுதினாள். அம்மாவுக்காக அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அந்தப் பாட்டு ஒரு நாள் நாலு பேர் வாயில் ஏற வேண்டும்; ஏறினால் நாலு பேராவது கேள்வி கேட்பார்கள். அவள் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

மேடையில் அதைத்தான் முதலில் எடுத்தாள். "கிட்கி..." என்று இழுத்து, டிரம்ஸுக்காக நிறுத்தினாள்.

"கோல் தே!" என்றது கூட்டம்.

திறந்துவிடு என்று. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க முன்வரிசையில் நின்றவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு கத்தினார்கள். கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து அடுத்த அடியைப் பாடினாள். அதையும் அவர்களே முடித்தார்கள். உலகம் உன்னைத் தேடி வருகிறது, ஜன்னலைத் திறந்துவிடு! ஒரு வார்த்தை பிசகவில்லை. எல்லாருக்கும் மனப்பாடம்.

ஹம்ஸினி பாட்டை நிறுத்திவிட்டு மாதவ் பக்கம் திரும்பினாள். "என்னடா இது?"

"ஆன்யுவல் டேக்கு கம்பெனிக்கு ஒரு பாட்டு கேட்டாங்க, ஹம்ஸி. எச்.ஆர். சுஷ்மா நம்ம ட்யூனைக் கேட்டுட்டு விடவே மாட்டேன்னுட்டாங்க. கம்பெனி லேப்டாப்ல ரெக்கார்ட் பண்ணதுதானே, அது கம்பெனிக்குத்தான் சொந்தம்னாங்க."

"வார்த்தையை யார் மாத்தினா? அதுவும் சுஷ்மாவா?"

மாதவ் கிட்டாரின் முடுக்கியைத் திருகினான். சுருதி சரியாகத்தான் இருந்தது. "நான்தான். நீ ரொம்ப நெகடிவ்வா எழுதியிருந்தே. ரெண்டு மூணு வார்த்தைதான் மாத்தினேன்."

"கைக்கு ரே மாதவ்?" என்றான் ஸ்ரீகாந்த் பின்னாலிருந்து. "கைக்கு?" ஏன், ஏன் என்று அதையே கேட்டான்.

"எங்கம்மாவோட மூச்சுடா அது" என்றாள் ஹம்ஸினி. "அதை எடுத்து உன் ஆபீஸுக்குத் தோரணம் கட்டிட்டியே!"

"கத்தாதே. எல்லாரும் பாக்கறாங்க." மாதவுக்கும் சுள்ளென்று வந்துவிட்டது. "அஞ்சு வருஷமா எதுக்கு நாயா அலைஞ்சோம்? நம்ம பாட்டு எல்லாருக்கும் தெரியணும்னுதானே? இப்ப தெரிஞ்சிருக்கு. யாராவது சமோசா வாங்கப் போனாங்களா பாரு."

பார்த்தாள். ஒருவர்கூடப் போகவில்லை. அதுதான் அவளை அடியோடு எரித்தது.

மைக்கை அப்படியே தூக்கிக்கொண்டுபோய் அவன் வாய்க்கு நேராக நிறுத்தினாள். "உன் பாட்டுதானே? பாடு."

கூனிக் குறுகிப் போவான் என்று நினைத்தாள். ஒரு மன்னிப்பு, அதுகூட வேண்டாம், தலையை ஒரு முறை குனிந்திருந்தால் அவள் பேஸைத் திரும்பக் கையில் எடுத்திருப்பாள். மாதவ் கூட்டத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பாட ஆரம்பித்தான். பாவி, நன்றாக வேறு பாடினான். ஸ்ரீகாந்த் குச்சிகளைக் கீழே போட்டுவிட்டான். கூட்டமே கை தட்டித் தாளம் போட்டது. ஹம்ஸினி தன் பேஸின் ஒயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டு மேடையை விட்டு இறங்கினாள். அவள் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. 'தேர்ட் ஷிஃப்ட்' அன்றோடு முடிந்தது.

மறுநாள் பொழுது சாய்ந்தது.

"வந்துடுத்து" என்றாள் அம்மா சமையலறையிலிருந்து. "ஜன்னலைச் சாத்துடி."

ஹம்ஸினி எழுந்துபோய் ஜன்னல் கதவில் கை வைத்தாள். வாய் தன்பாட்டுக்கு எதையோ முணுமுணுத்தது. இரண்டு அடி போன பிறகுதான் என்ன பாடுகிறோம் என்று அவளுக்கு உறைத்தது. கோல் தே. திறந்துவிடு. மாதவின் வார்த்தைகள். தன் பாட்டை எப்படி எழுதினோம் என்று யோசித்துப் பார்த்தாள். அந்த மெட்டில் இப்போது அவன் வார்த்தைதான் முன்னால் வந்து நின்றது. மாதவும் அவன் கம்பெனிக்காரர்களும் அவள் வாய்க்குள்ளேயே குடிவந்துவிட்டார்கள்.

கதவை அறைந்து சாத்தினாள். கண்ணாடி கீழ்மூலையில் உடைந்து விழுந்தது.

அம்மா ஓடிவந்தாள். "யார் மேலடி இவ்வளவு கோவம்?"

"எல்லார் மேலயும்."

அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். இருமல் முந்திக்கொண்டது. ஹம்ஸினி துப்பட்டாவை உருவிச் சுருட்டி ஓட்டையில் அடைத்தாள். அது போதவில்லை. உள்ளங்கையை மேலே வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். விரலிடுக்கு வழியாக நாற்றம் வந்துகொண்டேதான் இருந்தது.