குளிசை முகம்

காலையில் எழுந்ததும் கிணற்றடிக்குப் போவேன். முகம் கழுவி, ஒரு வாளி தண்ணீர் அள்ளிக்கொண்டு வருவேன். விறகு ஈரமென்றால் தேங்காய்ப் பொச்சு வைத்து மூட்டுவேன். புகை வீட்டுக்குள் சுற்றினாலும் இப்போது கதவைத் திறந்து வைக்க வேண்டியதில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் குடிப்பேன். பிறகு சைக்கிளில் பாடசாலைக்குப் படிப்பிக்கப் போவேன். என் மனைவி பெர்னடெட் இறந்து இந்த மாரி மழையோடு ஒரு வருடமாகிறது.

நாங்கள் குருநகர் ஆட்கள். கரையில் ஷெல் விழத் தொடங்கியபோது கோப்பாய்க்கு வந்து, இராசமலர் அக்கா வீட்டின் பக்க அறையில் இருந்தோம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு. மூச்சு முட்டு வரும். கோப்பாயில் அது கூடியது. தோட்டத்துப் புழுதியா, அடுப்புப் புகையா, தெரியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்து, ஒரு வசனத்தை நாலாக முறித்துக் கதைப்பாள். வாயில் வைத்து இழுக்கிற பம்ப் எங்கும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர் பிரெட்னிசலோன் குளிசை எழுதினார். ஸ்டீரொயிட். சுவாசக் குழாயின் வீக்கத்தை வற்றச் செய்யும். ஆனால் உடம்பு தானாகச் சுரக்கிற ஒன்றை வெளியிலிருந்து கொடுத்து வந்தால், உடம்பு தன் வேலையை மறந்துவிடும், பிறகு மருந்து நின்றால் தாங்காது என்றார்.

“முட்டு இல்லைத்தானே எண்டு போட்டு உதைச் சட்டெண்டு நிப்பாட்டிப் போடாதேயுங்கோ, தங்கச்சி. குறைக்கிறதெண்டால் நான்தான் குறைப்பன்.”

“ஓம் டொக்டர்,” என்றாள்.

மருந்து வேலை செய்தது. அவள் தண்ணீர் அள்ளினாள். கோயிலில் பாட்டை முறிக்காமல் பாடினாள். முகம் மட்டும் ஊதி வட்டமாகியது. கன்னம் பளபளத்தது.

“என்ன பிள்ளை, முகம் பூசணிக்காய் மாதிரி வந்திட்டுது? விசேஷமோ?” என்று இராசமலர் அக்கா கேட்டார்.

“விசேஷமெல்லாம் குளிசைதான் அக்கா. இது குளிசை முகம்.”

“மனுசன் சோத்தை அள்ளித் தீத்துறான் எண்டெல்லோ நினைச்சன்.”

“அவரோ? அவர் பனங்கட்டியையே நக்கிப்போட்டுத் திருப்பி வைக்கிற ஆள்.”

அந்த நாட்களில் எல்லோரும் அப்படித்தான் இருந்தோம். சண்டையால் பாதை மூடிச் சாமான் வருவது நின்றிருந்தது. சவர்க்காரத்தை நூலால் அறுத்துத் துண்டு துண்டாகப் பாவித்தோம். ஜாம் போத்தலில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுப் பஞ்சுத் திரி கொளுத்தினோம், அதையும் சாப்பிட்டவுடன் அணைத்தோம். அவசரம் வராமல் ஒன்றைத் தொடுவது பாவம் போலாகிவிட்டது. ஆஸ்பத்திரியிலும் பிரெட்னிசலோன் முடிந்தது. கொழும்பில் இருந்த என் பெரியப்பாவின் மகன் யாகோப்பு அண்ணை, ஊருக்கு வரும்போது ஒரு போத்தல் நிறையக் கொண்டுவந்தார். கிளாலிக் கடலால் வந்தார். அந்தக் கடலில் நேவி சுட்டு ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். பெர்னடெட் போத்தலை இரண்டு கையாலும் வாங்கினாள்.

தினமும் பாடசாலைக்குப் போகுமுன் கேட்பேன்.

“குளிசை போட்டனீரோ?”

“ஓம், ஓம். நீங்கள் வெளிக்கிடுங்கோ.”

சில கிழமைகளில் முகம் வற்றிப் பழையபடியானது. கண்ணாடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முட்டு வரவில்லை. ஆனால் களைத்தாள். கிணற்றடியில் தலைசுற்றிக் குந்திவிட்டாள். காலையில் சத்தி எடுத்தாள்.

“தம்பி, இந்தமுறை பகிடி இல்லை. உது உண்மையான விசேஷம்தான்,” என்றார் இராசமலர் அக்கா.

நாங்கள் நம்பினோம். பெர்னடெட் அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தாள். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் சொல்வோம் என்று இருந்தோம்.

மழை பிடித்த ஒரு காலையில் முட்டு வந்தது. வாகனம் எதற்கும் பெற்றோல் இல்லை. சைக்கிள் கரியரில் ஏற்றினேன். ஓலைத் தொப்பி ஒன்றை அவள் தலையில் இராசமலர் அக்கா கவிழ்த்துவிட்டார். வழி நெடுக என் முதுகில் சாய்ந்திருந்தாள். அவள் மூச்சின் சத்தத்தைக் காதால் அல்ல, முதுகால் கேட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியபோது உதடு நீலம் பாரித்திருந்தது.

“குளிசை ஒழுங்காய்ப் போட்டவவோ?” என்று டொக்டர் கேட்டார்.

“ஓம்,” என்றேன்.

பெர்னடெட் தலையை ஆட்டினாள். இல்லை என்று. டொக்டர் அவளைக் குனிந்து பார்த்தார். பிறகு நேர்ஸ் மிஸ்ஸிக்கு அவசரமாக ஏதோ சொன்னார். நாளம் தேடினார்கள். நாளம் பிடிபடவில்லை. மறு கையில் பிடித்து மருந்து ஏற்றினார்கள். ஒட்சிசன் முகமூடியைக் கொண்டுவந்தபோது அவள் அதை விரலால் விலக்கி, என் சேட்டுக் கொலரைப் பிடித்துக் கிட்ட இழுத்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை. வீட்டில் ஒரு நல்ல காரியம் செய்து வைத்துவிட்டு, நான் வரும்வரை சொல்லாமல் இருக்கிறபோது வருகிற முகம் அது. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்செடுத்துத்தான் சொன்னாள். பிறகு மிஸ்ஸி முகமூடியை மாட்டினார். பின்னேரம் அவள் இறக்கும்வரை அதைக் கழற்றவில்லை.

“அண்ணை கொண்டந்த போத்தில்... மூடியே உடைக்கேல்லை. அரிசிப் பானைக்குள்ளை இருக்கு. மாரி முழுக்கப் போடக் காணும்.”