ஓடி முடித்த பத்து நிமிடம்

நான்கு மணிக்கு எழுந்தேன். அடுப்பைப் பற்றவைத்தேன். பால் பாதி, தண்ணீர் பாதி. கொதி வந்ததும் தேயிலை போட்டேன். சர்க்கரை டப்பா அலமாரியில் அதன் இடத்தில் இருந்தது. திறக்கவில்லை. வடிகட்டிப் பிளாஸ்கில் ஊற்றி மூடியைத் திருகினேன். பல் துலக்கினேன். ராத்திரி கிண்டிய சோளமாவு உகாலியில் ஒரு துண்டு மிச்சமிருந்தது. ஓடும் முன் சாப்பிட்டால் எனக்கு வாந்தி வரும், அதனால் மூடி வைத்தேன். ஷூவின் அடியில் காய்ந்திருந்த செம்மண்ணைக் கத்தியால் சுரண்டினேன். கதவைப் பூட்டினேன்.

சர்ச்சுக்கு எதிரில் மதாயோ பிக்கப்பின் முன்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை நீண்ட ஓட்டத்துக்குப் பின்னால் ஓட்டக்காரர்களின் ஜாக்கெட்டையும் தண்ணீரையும் ஏற்றிக்கொண்டு போவது அவன் வண்டிதான். பிளாஸ்கை நீட்டினேன். பச்சைப் பிளாஸ்க். பக்கவாட்டில் ஆணியால் கீறிய 'ஜெ'. அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். சீட்டுக்கு அடியில் வைத்தான்.

"குளிருது சார். மெதுவா போங்க," என்றான்.

மெதுவாகத்தான் போக முடியும். அவர்கள் ஆறு மணிக்குக் கிளம்பி முப்பது கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்துக்குள் முடிப்பார்கள். நான் ஐந்துக்கே கிளம்பினால்தான் அவர்கள் முடிக்கிற நேரத்தில் நானும் அங்கே இருக்க முடியும். அவர்கள் முடிக்கிற நேரத்தில் அங்கே இருப்பது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது. அதற்காக எட்டு மாதம் ஓடிப் பழகியிருக்கிறேன்.

இந்த ஊரில் ஓடாத ஆண் என்றால் ஒன்று டிரைவர், இல்லை வாத்தியார். நான் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். ஊரே என்னை சார் என்று கூப்பிடும். என் மனைவி ஜெசாங் மட்டும் வாத்தி என்பாள், அதுவும் வீட்டுக்குள், கதவு சாத்தியிருந்தால். வெளியில் என்னைப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. 'இங்க பாருங்க' என்பாள், அவ்வளவுதான்.

அவள் மாரத்தான் ஓடினாள். பிவோட் அவளுக்கு முன்னால் ஓடி வேகம் பிடித்துக் கொடுப்பவன். ஐந்து வருடம் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே ஓடினாள். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஓட்டம் அவர்கள் வேலை. எனக்குப் பொறுக்காமல் போனது ஓட்டத்துக்குப் பிறகு வரும் நேரம்தான்.

ஓடி முடிக்கிற இடத்தில் தேவதாரு மரம் ஒன்று இருக்கிறது. ரத்தம் இறங்குவதற்காக அதன் அடியில் படுத்து, கால்களைத் தூக்கி மரத்தில் சாய்த்து வைத்துக்கொள்வார்கள். கால்மணி நேரம், சில நாள் அரைமணி நேரம். பிறகு டீ. பிறகு வண்டியில் ஏறி, ஆற்றில் குளித்துவிட்டு, பத்து மணிக்கு அவள் வீட்டுக்கு வருவாள். துணி மாற்றி, முகத்தில் வாஸ்லின் பளபளக்க, பசி என்று சிரித்துக்கொண்டு. எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்தப் பத்து மணி ஜெசாங். களைத்துப் போன ஜெசாங்கை நான் பார்த்ததில்லை.

"அந்த நேரத்துல என்ன பேசுவீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"என்னத்தப் பேசறது? வாயத் தெறந்தா வாந்திதான் வரும்."

"ஒண்ணுமே பேச மாட்டீங்களா?"

"பேசினா உண்மைதான் வரும் வாத்தி. ஓடி முடிச்ச பத்து நிமிஷத்துக்கு யாருக்கும் பொய் சொல்ல வராது. அதுக்கும் தெம்பு வேணும்ல."

அவளுக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. என் மனைவி உண்மை மட்டும் பேசுகிற பத்து நிமிடம் வாரத்துக்கு ஒன்று இருந்தது. அது பிவோட்டிடம் போய்க்கொண்டிருந்தது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை அவள் ஜாக்கெட்டை மறந்துவிட்டுப் போனாள். மோட்டார் சைக்கிள் பிடித்துக் கொண்டுபோனேன். மரத்தடியில் நான்கு கால்கள் வரிசையாக மேலே ஏறியிருந்தன. இரண்டு அவளுடையவை, இரண்டு அவனுடையவை. கெண்டைக்காலில் உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. இருவருக்கும் நடுவில் என் பிளாஸ்க். கண்ணை மூடிக்கொண்டே அவள் மூடியை அவனிடம் கொடுத்தாள். அவன் குடித்தான். கண்ணை மூடிக்கொண்டே அவளிடம் கொடுத்தான். நான் காலையில் எழுந்து போட்ட டீ. ஒரே மூடி. தொட்டுக்கொள்ளவில்லை, பேசிக்கொள்ளவில்லை. ஜாக்கெட்டை மதாயோவிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். நான் வந்தது அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன். பத்து மணிக்கு அந்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். அந்த வாரம் முழுக்க நான் குறைவாகப் பேசினேன்.

அடுத்த சனிக்கிழமை டீயில் சர்க்கரை போடவில்லை.

ஓடி முடித்த அரைமணிக்குள் உடம்புக்குச் சர்க்கரை போக வேண்டும், அப்போதுதான் தசை தேறும் என்று அவளுக்குப் படம் போட்டுச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். நான்கு கரண்டி போடுவது வழக்கம். அன்று டப்பாவைத் திறக்கவில்லை. முதல் மூடி அவனுக்குத்தான் போகும், அவன் முகம் சுளிக்கட்டும் என்று நினைத்தேன். அவள் பங்கைப் பற்றி நினைத்தேனா என்று இப்போது நினைவில்லை. வழக்கமாக டார்ச்சை எடுத்துக்கொண்டு வாசல்வரை போவேன். அன்று போகவில்லை. "வரேன்" என்றாள். "ம்" என்றேன்.

ஒன்பது மணிக்கு மதாயோவின் வண்டி வீட்டு வாசலில் நின்றது. மரத்தடியில் படுத்திருந்தவள் எழுந்திருக்கவில்லை என்றான்.

பிறவியிலேயே இதயத் தசை தடித்திருந்தது, யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கிறது என்றார் டாக்டர். ஓடி முடித்ததும் சர்க்கரை போகாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். எனக்கே அது தெரியும். நான் நடத்துகிற பாடம்தான். இருந்தும் கேட்டேன்.

அடக்கத்தன்று பிவோட் இரவல் கோட்டில் வந்து எல்லோர் முன்னாலும் பேசினான். "அவ கடைசியாச் சொன்னது இதுதான். கிப்லெல்கிட்டச் சொல்லு, நான் அவர நேசிக்கிறேன், கர்த்தர்கிட்டப் போறேன்னு சொன்னா." பெண்கள் அழுதார்கள். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். கிப்லெல் என் பெயர். அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

பொய் என்று அந்த நிமிடமே தெரிந்தது. அழுகை அத்தோடு நின்றுவிட்டது. பிறகு வரவும் இல்லை. அவள் கடைசியாகச் சொன்ன வார்த்தை அவனிடம் இருக்கிறது. சொல்லக்கூடியதாக இருந்தால் சொல்லியிருப்பான். புருஷனிடம் சொல்ல முடியாததாக இருக்கப் போய்த்தானே வேறொன்றைச் செய்து கொடுத்தான். இரண்டு முறை கேட்டேன், ஒருமுறை சர்ச் வாசலில், ஒருமுறை கடையில். "அன்னிக்கே சொன்னேனே சார்," என்றான் தன் ஷூவைப் பார்த்து. நன்றாகத் தூங்கி, சாப்பிட்டு, தெம்பாக இருந்தான்.

அதனால் ஓடத் தொடங்கினேன்.

இந்தச் சனிக்கிழமை மொய்பென் சாலையில் வெளிச்சம் வந்தது. பால்கேன் கட்டிய சைக்கிள்கள் எதிரில் வந்தன. இருபதாவது கிலோமீட்டரில் தொடை கல்லானது. இருபத்தைந்தில் காது அடைத்துக்கொண்டது. அப்படியும் பின்னால் கேட்டது, பல ஜோடிக் கால்கள் ஒன்றாகத் தரையில் விழும் சத்தம்.

"சார்! நேத்து சாயந்தரமே கெளம்பிட்டீங்களா?" ஜெரோனோவின் குரல். பிவோட் இப்போது இவளுக்கு முன்னால் ஓடுகிறான்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். "அவரு பரீட்சைப் பேப்பர் திருத்திக்கிட்டே ஓடறாரு. அதான் லேட்டு."

"கைய எறக்குங்க சார், போர்டுல எழுதற மாதிரியே தூக்கி வச்சிருக்கீங்க!"

கையை இறக்கினேன். என்னைத் தாண்டிப் போனார்கள். பிவோட்டின் முதுகு எனக்கு முன்னால் போனது. பழுப்புச் சட்டை, வலது தோள் கொஞ்சம் தாழ்ந்து. ஐந்து வருடம் அவள் பார்த்த முதுகு. அதன்மீதும் எனக்குப் பொறாமையாக இருந்தது, செத்துப்போனவளின் கண்ணை ஒரு முதுகு அவ்வளவு நாள் வைத்திருந்திருக்கிறதே என்று. மூன்று கிலோமீட்டர் அந்த எரிச்சலில்தான் ஓடினேன். வேறெதுவும் உடம்பில் மிச்சமில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது பிவோட் மரத்தடியில் கால்களை ஏற்றிப் படுத்துவிட்டான். ஜெரோனோவும் மற்றவர்களும் வண்டிக்கு அந்தப் பக்கம் தண்ணீருக்குச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மதாயோ நான் கேட்காமலே பிளாஸ்கைக் கொண்டுவந்து கையில் கொடுத்தான். பிவோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தேன். முழங்கால் மடங்கவில்லை. கைகளால் ஒவ்வொரு காலாகத் தூக்கி மரத்தில் வைத்தேன். பட்டை குளிர்ச்சியாக இருந்தது. ரத்தம் இறங்குவது தெரிந்தது. கண்ணை மூடினேன். தலைக்குள் ஒரு சொல்கூட இல்லை. பக்கத்தில் படுத்திருப்பவன் யார் என்பதுகூடச் சில மூச்சுக்கு மறந்துபோனது. இதுதானா அவர்கள் பகிர்ந்துகொண்டது என்று பிறகு நினைத்தேன். ஒன்றுமே இல்லையே. நினைத்ததும் அந்த ஒன்றுமில்லாததன்மீதும் பொறாமை வந்தது.

பிளாஸ்கை நடுவில் வைத்தேன். "குடி," என்றேன்.

அவன் மூடியில் ஊற்றினான். ஒரு வாய் குடித்தான். விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தான். பிறகு விழுங்கினான்.

"சர்க்கரை போடல."

"போடல."

"மறந்துட்டீங்களா?"

"இல்ல."

மேலே எங்கள் கால்களைப் பார்த்தான். அவன் வயிறு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அன்னிக்கும் மறக்கலயா?"

"இல்ல."

வண்டிக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீரை ஊற்ற, ஜெரோனோ திட்டினாள். பிவோட் மூடியை மார்பின்மேல் வைத்துக்கொண்டான்.

"சர்ச்சுல நின்னுக்கிட்டு அத எப்படி சார் சொல்றது? உங்க மாமியார் மொத வரிசையில உக்காந்திருந்தாங்க. ஊரே பாத்துக்கிட்டிருந்தது. அதான் நல்லதா ஒண்ணு சொன்னேன்."

"இப்பச் சொல்லு."

"கோவப்படுவீங்க."

"எந்திரிக்கவே முடியல. எங்கருந்து கோவப்படறது?"

அவன் சிரித்தான். அது இருமலில் முடிந்தது.

"மொத மூடி அவதான் குடிப்பா. எப்பவும். நான் மிச்சந்தான். அன்னிக்கும் அவதான் மொதல்ல குடிச்சா. ஒரு மாதிரி மூஞ்சிய வச்சுக்கிட்டா. அப்புறம் சிரிச்சா சார். படுத்துக்கிட்டே, வயித்தப் புடிச்சுக்கிட்டு. அப்படி அவ சிரிச்சு நான் பாத்ததில்ல. யாரச் சொல்றான்னு அப்பப் புரியல. வீட்டுக்குப் போய் ரொம்ப நேரம் கழிச்சுதான் அது நீங்கன்னு தெரிஞ்சுது."

"என்ன சொன்னா?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான். மூடியில் இருந்ததை ஒரே மடக்கில் குடித்தான். காலி மூடியை என் பக்கம் நீட்டினான், அவள் நீட்டிய மாதிரியே இருக்க வேண்டும், கண்ணைத் திறக்காமல், மணிக்கட்டு லேசாக மடங்க.

"சர்க்கரையே போடல பாரு. வாத்திக்குப் பொறாம. இன்னும் கொஞ்சம் ஊத்து."