மஞ்சள் புள்ளி வைத்த அட்டைகள்

ஆணிக்கடை அக்காவுக்கு ஒரு பெருமை உண்டு. வாக்குப்பதிவுக்கு முதல்நாள் சாயங்காலம், தன் ஆறு தெருவிலும் கட்சிக்கு எத்தனை ஓட்டு விழும் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கட்சியின் கிளைச் செயலாளரிடம் கொடுத்துவிடுவார். எண்ணி முடித்துப் பார்த்தால் மூன்று ஓட்டுக்கு மேல் கூடாது, குறையாது. இருபத்திரண்டு வருஷமாக இதே கதைதான். ஜோசியமும் இல்லை, மந்திரமும் இல்லை. எல்லாம் அட்டை.

வீட்டுக்கு ஒரு அட்டை, உள்ளங்கை அகலம். கடையில் திருகாணி போட்டிருந்த தகரப் பெட்டி ஒன்றைக் காலி செய்து அதில் தெருவாரியாக அடுக்கியிருந்தார். ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் ஒரு புள்ளி. பச்சை என்றால் நம்ம ஆள். சிவப்பு என்றால் எதிர்க்கட்சி, கதவைத் தட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். மஞ்சள் என்றால் மதில்மேல் பூனை. புள்ளிக்குக் கீழே பொடியெழுத்தில் விவரம் இருக்கும். 'காது கேட்காது, பின்கதவைத் தட்டவும்.' 'நாய் உண்டு, கட்டியிருக்காது.' 'காலை ஆறேகாலுக்குக் குளத்தைச் சுற்றித் தனியாக நடப்பார்.' வயசானவர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஓட்டுப் போட வைக்கவும், வேலைக்கு ஓடுகிறவர்களை ஓடுமுன் பிடிக்கவும் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டாமா? ஆறு தெருவில் யார் எப்போது தும்முவார்கள் என்பதுகூட அக்காவுக்குத் தெரியும் என்று அவர் வீட்டுக்காரர் கேலி செய்வார். அக்கா அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

அப்படி ஓடியோடி ஜெயிக்க வைத்த சபை உறுப்பினர்தான் போன மாதம் கழுத்தை அறுத்தார்.

விஷயம் ஓய்வுநாள் கடையடைப்பு. வாரத்தில் ஒருநாள் எல்லாக் கடையும் மூடியிருக்க வேண்டும், குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது பழைய சட்டம். அதில் கை வைக்க விடமாட்டோம் என்றுதான் கட்சி ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டுக் கேட்டது. அக்காவின் அப்பா காலத்திலிருந்து அந்த ஒருநாள் ஆணிக்கடைக் கதவு திறந்ததே கிடையாது. உறுப்பினரோ எதிர்க்கட்சிக்காரர்களோடு சேர்ந்து கையைத் தூக்கி, பெரிய கடைகள் பாதி நாள் திறக்கலாம் என்று சட்டத்தை மாற்றிவிட்டார். கேட்டதற்கு, "பாதி நாள்தானே, காலத்துக்கேத்த மாதிரி கொஞ்சம் வளைஞ்சு போகணும்" என்றாராம். அன்றிலிருந்து அவருக்கு அரைநாள் என்று பேர் விழுந்துவிட்டது.

ஆணிக்கடை மாடியில்தான் கிளைக் கூட்டம் நடக்கும். அந்த வாரம் நாற்காலி போதவில்லை.

"நாம எதுக்குத்தான் இவங்களுக்கு ஓட்டுப் போடுறோம்?" என்றார் அக்கா. "எதிரி கெடுத்தா புரிஞ்சுக்கலாம். அவன் வேலை அது. நம்ம வீட்டு உப்பைத் தின்னுட்டு நம்ம தலையிலயே கல்லைப் போட்டா?"

"பொறும்மா, அடுத்த தேர்தல்ல ஆளை மாத்திக்கலாம்" என்றார் செயலாளர். வாயில் விரலை வைத்தாலும் கடிக்கத் தெரியாத மனுஷன்.

"இதையேதான் போன தடவையும் சொன்னீங்க அண்ணே. அதுக்கு முந்தின தடவையும் சொன்னீங்க. ஆளு மாறுது, புத்தி மாறலையே."

கூட்டம் கை தட்டியது. பின்வரிசையில் ஒருவன் மட்டும் தட்டாமல் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தான். தலைமையிலிருந்து புதிதாக வந்தவன். மடிப்புக் கலையாத சட்டையாகவே போடுவான் என்பதால் எல்லாரும் புதுச்சட்டை என்றார்கள். அதட்டிப் பேச மாட்டான். அவன் பேசினால் மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

"அக்கா சொல்றதுதான் சரி" என்று எழுந்தான். "சிவப்பை விடுங்க. அவன் நேரா நிக்கிறான். நம்மளைக் கெடுக்கிறது மஞ்சள். அரைநாளுக்குத் தைரியம் எங்கேருந்து வந்துச்சு? 'போனாப் போகுது'ன்னு சொல்ற நம்ம ஆளுங்ககிட்டேருந்துதான். அவங்க யார் யாருன்னு தெரிஞ்சா, ஒவ்வொருத்தரா உக்காந்து பேசிப் பாக்கலாம். பேச்சுதான், வேற ஒண்ணுமில்ல."

அக்காவுக்கு உள்ளம் குளிர்ந்தது. இத்தனை வருஷத்தில் இப்போதுதான் ஒருத்தன் நம்ம வலி புரிந்து பேசுகிறான் என்று தோன்றியது. அன்றைக்கே உட்கார்ந்து கட்சிக்காரர்களின் அட்டைகளை மறுபடி சலித்தார். அரைநாளுக்குப் பரிந்து பேசியவர்கள், 'என்ன செய்யிறது, காலம் அப்படி' என்று இழுத்தவர்கள் எல்லாருடைய பச்சையையும் அழித்து மஞ்சள் வைத்தார். முப்பத்தேழு தேறியது.

முப்பத்தேழாவது அவருடைய சொந்தத் தம்பி. அரைநாளின் கார் ஓட்டுகிறவன். முந்தின வாரம் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது, "அவர் நல்ல மனுஷன்க்கா. எல்லார்கூடயும் சண்டை போட்டுக்கிட்டே இருந்தா ஊர் எப்படி நடக்கும்?" என்று சொல்லிவிட்டான். அக்கா அவன் தட்டில் கரண்டியை டங்கென்று வைத்துவிட்டு எழுந்துபோனவர். கோபம் ஆறாத கையால் அவன் அட்டையிலும் மஞ்சளை அழுத்தி வைத்தார். விவரத்தையும் விட்டுவைக்கவில்லை, அதுதான் அவர் பழக்கமாயிற்றே. 'காலை ஆறு மணிக்கு ஆற்றங்கரைக் கொட்டகையில் கார் கழுவுவான். வேறு யாரும் இருக்க மாட்டார்கள். தண்ணீர் மோட்டார் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது.'

பெட்டியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்ட புதுச்சட்டை அட்டைகளைப் புரட்டிப் பார்த்தான். "உங்களை மாதிரி பத்துப் பேர் இருந்தா நாட்டையே திருப்பிடலாம்க்கா" என்றான்.

பத்து நாள் கழித்துக் கணக்கு வாத்தியார் கடைக்கு வந்தார். நெற்றியோரம் பிளாஸ்திரி.

"ஒரு தாழ்ப்பாள் குடும்மா. கனமா இருக்கட்டும்."

"என்ன வாத்தியாரே, விழுந்துட்டீங்களா?"

"குளக்கரையில மூணு பேர் வழி மறிச்சுப் பேசினாங்க. பேசினாங்கன்னுதான் வச்சுக்கோயேன்." அவர் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. "நான் நடக்கிற நேரமெல்லாம் சரியாத் தெரிஞ்சு வச்சிருக்காங்க."

காலம் கெட்டுக் கிடக்கிறது என்று அக்கா நினைத்துக்கொண்டார். மறுநாள் தையற்கடை அம்மாள் வந்து பின்கதவுக்கு இரும்புப் பட்டை கேட்டார். ஜன்னல் கண்ணாடி போய்விட்டதாம். "நாய் இருக்குமே?" என்று அக்கா கேட்டார். "இருந்துச்சு" என்றார் அந்த அம்மாள். சாமானை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமைக்குள் மருந்துக்கடைக்காரர் வந்தார், ரொட்டிக்கடைப் பெரியவர் வந்தார், தபால்காரரின் மனைவி வந்தாள், இன்னும் பலர் வந்தார்கள். எல்லாருக்கும் தாழ்ப்பாள், கொண்டி, பூட்டு. ஒரு வருஷத்தில் விற்கிற தாழ்ப்பாள் ஒரே வாரத்தில் தீர்ந்துவிட்டது.

பதினைந்தாவது ஆளுக்கு ஆணி எடுத்துக் காகிதத்தில் மடிக்கும்போதுதான் அக்காவின் கை நின்றது. வந்தவர்கள் தெருவாரியாக வந்திருந்தார்கள். பெட்டியில் அவர் எந்த வரிசையில் அடுக்கினாரோ அதே வரிசையில். முதல் தெரு முடிந்து, இரண்டாம் தெரு முடிந்து, மூன்றாம் தெரு நடந்துகொண்டிருந்தது. கிணறு வெட்டினால் பூதம் கிளம்பும் என்பார்கள். இங்கே பூதத்துக்கு வழிகாட்டி விலாசம் எழுதிக் கொடுத்ததே அவர் கைதான்.

தம்பி வீடு ஆறாம் தெரு.

கடையைச் சாத்தாமலே புதுச்சட்டை தங்கியிருந்த கட்சி அலுவலகத்துக்கு நடந்தார். அவன் மேஜைமேல் தகரப் பெட்டி இருந்தது. எழுந்து நின்று நாற்காலி இழுத்துப் போட்டான்.

"அட்டையெல்லாம் குடு தம்பி. எனக்கு வேணும்."

"எடுத்துக்கோங்கக்கா. உங்களுதுதானே." பெட்டியை மூடி அவர் பக்கம் நகர்த்தினான். "எல்லாத்தையும் போன்ல படம் எடுத்து வச்சிருக்கோம். எழுத்து அவ்வளவு தெளிவு."

"பேச்சுதான்னு சொன்னியேப்பா" என்றார் அக்கா.

"பேசத்தான் போறாங்க. பசங்க கொஞ்சம் வேகம். நானா அவங்களை வேகப்படுத்தினேன்? நம்ம வீட்டு உப்பைத் தின்னுட்டு நம்ம தலையிலயே கல்லைப் போடுறாங்கன்னு மாடியில நீங்க பேசினப்போ, அவங்க அழுதுட்டாங்கக்கா."

"அதுல ஒருத்தன் என் கூடப்பிறந்தவன்."

"தெரியும்" என்றான் புதுச்சட்டை. "சொந்தத் தம்பின்னும் பாக்காம நீங்க வச்ச புள்ளி. அதைத்தான் எல்லார்கிட்டயும் எடுத்துக்காட்டாச் சொல்றோம். உங்க தம்பிக்கு இன்னைக்குள்ள ஒரு வழி இருக்கு. அரைநாள் எந்த நேரம் எந்த வழியாப் போறார்னு சொல்லிட்டா, பச்சையா மாத்திடலாம். நீங்களே கேட்டுப் பாருங்களேன்."

பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்த அக்கா நேரே காவல் நிலையத்துக்குப் போனார். எழுத்தர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இது யார் எழுத்தும்மா?" என்றார். "என்னுது" என்றார் அக்கா. "அப்போ யார் மேல புகார் எழுதட்டும்?" என்றார் அவர். அக்கா பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

தெருவிலேயே நின்று தம்பிக்குப் போன் போட்டார்.

"டேய், நாளைக்குக் கொட்டகைக்குப் போகாதே. கொஞ்ச நாளைக்கு வேலைக்கே போகாதே."

அந்தப் பக்கம் சிரிப்பு. "ஆரம்பிச்சுட்டியா? அவர்கிட்ட வேலையை விடுன்னு நேரா சொல்லிப் பாத்தே, மாமாவை விட்டுச் சொல்லிப் பாத்தே, சாப்பாட்டுத் தட்டுல கோபத்தைக் காட்டிப் பாத்தே. இப்போ பயமுறுத்துறியா?"

"சத்தியமா சொல்றேன்டா. உனக்கு மஞ்சள் வச்சு அவங்ககிட்ட குடுத்துட்டேன். வாத்தியாரைப் பாரு, தையற்கடை அம்மாவைப் பாரு."

அவன் குரல் மாறியது. "நீ எனக்குப் புள்ளி வச்சியா?"

"கோபத்துலடா..."

"நான் என்ன பண்ணிட்டேன்க்கா? ஒருத்தர் நல்லவர்னு சொன்னேன். அவ்வளவுதானே." "அவரை விட்டுட்டு வரணும்னு சொல்றதுக்கு உனக்கு இது ஒரு வழி. நீ சொல்றதை நான் எப்படி நம்புறது, சொல்லு." போனை வைத்துவிட்டான்.

ராத்திரி வீட்டுக்காரர் எவ்வளவோ சொல்லியும் அக்கா ஒரு வாய் சாப்பிடவில்லை. அவன் அடிபட்டாலும் படுவானே தவிர, உறுப்பினர் போகிற வழியை வாயால் சொல்ல மாட்டான் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பிடிவாதம் அவர்கள் அப்பா வழியில் வந்தது, இருவருக்கும் பாதிப் பாதி.

விடிந்ததும் ஐந்தேமுக்காலுக்கெல்லாம் ஆற்றங்கரைக்குப் போய்விட்டார். தம்பி காரில் சோப்பு நுரை தடவிக்கொண்டிருந்தான். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா பக்கத்தில் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினான். அக்கா தொண்டை கிழியக் கூப்பிட்டுக்கொண்டேதான் வந்திருந்தார்.

மோட்டாரை நிறுத்தினான். "இங்க எதுக்கு வந்தே?"

"சும்மா. நீ பாட்டுக்குக் கழுவு."

"நான் அவரைக் காட்டிக் குடுக்க மாட்டேன்."

"குடுக்க வேண்டாம்டா. நான் அதுக்கு வரலை."

அவர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் போயிருக்கும். மேட்டிலிருந்து இரண்டு பைக் மெதுவாக இறங்கி வந்தது. நான்கு பேர். மூவரை அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தேர்தல் அன்றைக்கு அவர் கையால் டீ வாங்கிக் குடித்தவர்கள். அவரைப் பார்த்ததும் வண்டியை அணைத்தார்கள். ஒருத்தன் முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்தான்.

தம்பியின் கையிலிருந்த துணி சொட்டிக்கொண்டே இருந்தது. அவன் அக்காவைப் பார்த்தான். இப்போது நம்பிவிட்டான் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அதில் அக்காவுக்கு ஒரு ஆறுதலும் இல்லை.

"என்னக்கா, இந்த நேரத்துல இங்க?" என்றான் முன்னால் நின்றவன். குரலில் மரியாதை குறையவில்லை.

"என் தம்பிகூட உக்காந்திருக்கேன். நீங்க வந்த வேலை என்ன?"

"பேசத்தான் வந்தோம்."

"பேசுங்க. நானும் கேக்கிறேன்."

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு வேணாம்க்கா. நீங்க இருக்கீங்க, சங்கடம்." அவன் வண்டியை உதைத்தான். திருப்பிய வண்டியை அப்படியே நிறுத்தி, ஏதோ மளிகைச் சாமான் விசாரிக்கிறவன்போலக் கேட்டான். "நாளைக்கும் வருவீங்களா?"

"வருவேன்."

"நாளன்னைக்கு?"

"வருவேன்னு சொல்றேன்ல."

அவன் அட்டையில் விவரம் குறித்துக்கொள்கிறவன்போலத் தலையாட்டிக்கொண்டான். "அப்படின்னா கடையை யாருக்கா திறப்பாங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் மேடேறிப் போனான்.