சிம்ஹா பாடாத கல்யாணம்

லியா எங்கள் அடுக்களைக்குள் வந்து நின்றபோது சிம்ஹா அக்கா தரையில் உட்கார்ந்து கரிமீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு நாள் குறித்த பெண் தெருவில் இறங்கக் கூடாது என்று எதிர்வீட்டில் கண்டிப்பு உண்டு. அதையும் மீறி, செருப்புகூடப் போடாமல், தெருவைத் தாண்டி ஓடி வந்திருந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"சிம்ஹாம்மா, நீங்க பாட வரமாட்டீங்கன்னு அப்பா சொல்றாரு. பொய்தானே?"

அக்கா நிமிரவில்லை. கத்தி மட்டும் நின்றது.

சிம்ஹா என் கணவரின் அக்கா. வைசூரி வந்த வருஷம் புருஷனும் கைக்குழந்தையும் ஒரே வாரத்தில் போய்விட, தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். அதே வருஷம்தான் எதிர்வீட்டு நெஹேமியா முதலாளியின் மனைவி லியாவைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடினாள். பால் கட்டிக்கொண்டு நெஞ்சு வலியில் துடித்துக்கொண்டிருந்த அக்காவின் மடியில் அந்தக் குழந்தையைக் கொண்டுவந்து போட்டார்கள். அன்றைக்கு அந்த வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் இருந்த எந்த வித்தியாசத்தையும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

மற்ற நாட்களில் நினைத்துக்கொண்டேதான் இருந்தார்கள். எங்கள் கொச்சி யூதர் தெருவில் எல்லோருக்கும் ஒரே வேதம், ஒரே ஜெபம், ஒரே ஓய்வுநாள். ஆனால் எங்கள் முன்னோர்கள் அந்தப் பெரிய வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். அதனால் ஜெபாலயத்தில் பெஞ்சு அவர்களுக்கு, வெளி அறையின் தரை எங்களுக்கு. வேதச்சுருளை வாசிக்க எங்கள் ஆண்களைக் கூப்பிடமாட்டார்கள். நிறத்தைப் பார்த்தால் என் கணவரைவிட நெஹேமியா முதலாளி ஒரு பிடி கறுப்புதான்.

என் கணவர் ஓவாதியா வக்கீல். காலையில் படகேறி எர்ணாகுளம் கோர்ட்டுக்குப் போவார். புதுத் துறைமுகம் வந்து பிழைப்புப் போன சரக்குப் படகுக்காரர்களுக்காக வாதாடுவார். கதர் கட்டிக்கொண்டு சுயராஜ்யக் கூட்டங்களில் பேசுவார். சாயங்காலமானால் எங்கள் முன்னறை முழுக்கப் படகுக்காரர்கள். ஒரு தடவை மம்மது என்கிற படகுக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "வக்கீல் சாரு எங்களை நாற்காலியில உக்கார வெச்சுட்டு, அவரோட ஜெபப் பள்ளியில போயி தரையில உக்கார்றாரு. இந்தக் கேஸுக்கு யாருப்பா வக்கீலு?" எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

அந்தக் கேஸை அவரேதான் எடுத்தார். ஒரு ஓய்வுநாளில் ஜெபாலயத்தின் உள்படியில் போய் உட்கார்ந்தார். எழுந்திருக்கச் சொன்னார்கள், எழுந்திருக்கவில்லை. அடுத்த வாரமும் உட்கார்ந்தார். வருஷக்கணக்கில் உட்கார்ந்தார். ஒன்றும் அசையாமல் போனபோதுதான் எங்கள் குடும்பங்களை எல்லாம் வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்.

"அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு நம்ம பொம்பளைங்க பாட்டு வேணும், நம்ம கை சமையல் வேணும். நம்ம ஆம்பளைங்க மட்டும் உள்ள வந்து உக்காரக் கூடாது. அப்படின்னா பாட்டும் வேணாம், சமையலும் வேணாம். பெஞ்சு கிடைக்கிற வரைக்கும் யாரும் போகாதீங்க" என்றார்.

முதலில் கையைத் தூக்கியது அக்காதான். தெருவில் அவளைப்போலப் பாடுகிறவர்கள் கிடையாது. எந்த வீட்டுக் கல்யாணமானாலும் பெண் வாசற்படி இறங்கும்போது பாடுகிற பாட்டை அவள்தான் எடுத்துக்கொடுப்பாள். அவள் கையைத் தூக்கியதும் மற்றப் பெண்களும் தூக்கினார்கள். அப்போது லியாவுக்கு மாப்பிள்ளை பார்த்திருக்கவில்லை.

அக்கா மறுபடியும் செதில் சுரண்ட ஆரம்பித்ததும் லியா அடுக்களையிலிருந்து முன்னறைக்கே போய்விட்டாள். அத்தனை படகுக்காரர்களுக்கும் நடுவில் நின்று, "ஓவாதி மாமா, ஒரே ஒரு பாட்டு. அதுக்கப்புறம் எங்கப்பாகூட எவ்வளவு வேணா சண்டை போடுங்க. நானும் உங்க பக்கம் நிக்கறேன்" என்றாள்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். கோர்ட்டில் கஷ்டமான கேள்வி வந்தாலும் அப்படித்தான் செய்வார் என்று சொல்வார்கள்.

"நான் யாரையும் தடுக்கலையே, லியா. அக்கா இஷ்டம்." பிறகு கதவோரம் வந்து நின்ற அக்காவைப் பார்த்தார். "உன் இஷ்டம் அக்கா."

நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். தம்பி 'போ' என்று சொல்லியிருந்தால் போயிருப்பாள். 'போகாதே' என்று சொல்லியிருந்தாலும், ஒரு பாட்டம் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பாளோ என்னவோ. 'உன் இஷ்டம்' என்று சொன்னவுடன் அவளுக்குப் போக வழியில்லாமல் போய்விட்டது. கையைத் தூக்கிய அத்தனை பெண்களும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

லியா அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். அக்கா இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோனாள்.

"மீன் நாத்தம் அடிக்குது. கிட்ட வராத. கல்யாணப் பொண்ணு" என்றாள்.

கல்யாணம் செவ்வாய்க்கிழமை நடந்தது. பாட்டுக்கு எர்ணாகுளத்திலிருந்து யாரையோ கூட்டிவந்தார்கள் என்று பேச்சு. எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் ஜன்னலைச் சாத்தியிருந்தோம். அக்கா காலையிலிருந்து அரிசியில் கல் பொறுக்கினாள். பொறுக்கி முடித்த அரிசியைத் திரும்பவும் முறத்தில் கொட்டிப் பொறுக்கினாள். நான் பார்த்தும் பார்க்காதமாதிரி இருந்துவிட்டேன்.

வெயில் தாழ்ந்ததும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. கொட்டுச்சத்தமும் குரவையும் கேட்டன. வந்த பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். ராகம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் அவசரப்பட்டார்கள். முறத்தின்மேல் அக்காவின் விரல்கள் அந்த அவசரத்தைப் பொறுக்கமாட்டாமல் தாளம் போட்டன. என் கணவர் எழுந்து வாசல் கதவைத் திறந்துகொண்டு படியில் போய் நின்றார். எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் அவரவர் வாசலில் மௌனமாக நிற்க வேண்டும் என்று பேசிவைத்திருந்தார்கள்.

ஊர்வலம் எங்கள் வீட்டுக்கு நேரே வந்ததும் கொட்டு நின்றது. பாட்டும் நின்றது. தெரு முழுக்க அமைதி. ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். லியா முகத்திரையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பக்கத்தில் நெஹேமியா முதலாளி தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

திரும்பினேன். முறத்துக்கு முன்னால் அக்கா இல்லை. வாசல் நிலைக்கு உள்பக்கம், தம்பியின் முதுகுக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். தலையில் துணி போட்டிருந்தாள். எப்போது போட்டாளோ தெரியாது. வாய் லேசாகத் திறந்திருந்தது. அவர் நிலையை அடைத்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தெருவைப் பார்த்து நின்றார். அவர் ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும். திரும்பவில்லை.

கொஞ்ச நேரத்தில் யாரோ ஒரு அதட்டல் போட, கொட்டு மறுபடியும் ஆரம்பித்து ஊர்வலம் நகர்ந்தது. அக்கா போய் முறத்தை எடுத்துக்கொண்டாள். உள்ளே வந்த என் கணவரின் கண்கள் பளபளத்தன. "பாத்தியா ரூமா? நிக்க வெச்சுட்டோம் அவங்களை" என்றார்.

லியா கல்யாணமான கையோடு கல்கத்தாவுக்குப் போய்விட்டாள்.

பெஞ்சு கிடைத்தது. அதற்கு இன்னும் சில வருஷங்கள் பிடித்தன. பெரிய வீட்டு வாலிபர்கள் சிலர் எங்கள் பக்கம் சேர்ந்தார்கள், பெரியவர்கள் சிலர் தள்ளாமையில் ஓய்ந்தார்கள். ஒரு ஓய்வுநாள் காலையில் ஜெபாலயத்தில் நெஹேமியா முதலாளியே நகர்ந்து இடம் விட்டார் என்று சொன்னார்கள். பெண்களுக்கான மாடியும் எங்களுக்குத் திறந்தது. நான் புதுத்துணி கட்டிக்கொண்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"முழங்கால் வலிக்குதுடி. படி ஏற முடியாது. நீ போயிட்டு வா" என்றாள்.

அதே முழங்காலோடு தினமும் கிணற்றடிக்கும் அடுக்களைக்கும் நடந்துகொண்டுதான் இருந்தாள். ஆனால் பாடவில்லை. எங்கள் சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களிலும் பாடவில்லை. தொண்டை சரியில்லை என்றாள். யாரும் வற்புறுத்தவில்லை.

பெஞ்சு கிடைத்த அன்றைக்கு ஜெபாலயத்திலிருந்து திரும்பிய என் கணவர் சாப்பிட உட்கார்ந்தார். எத்தனையோ வருஷம் இந்த நாளுக்காகக் காத்திருந்தவர், தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

"மாடியில எல்லாரும் சேந்து பாடினீங்களே, கேட்டேன். உன் குரலுகூடத் தெரிஞ்சுது. அக்கா குரல் இல்ல."

"அவதான் வரலையே."

"தெரியும்." தட்டை நகர்த்தி வைத்தார். "நான் போகாதேன்னு அவகிட்ட சொல்லல, ரூமா. சொன்னேனா?"

"சொல்லல. போன்னும் சொல்லல."

அவர் கை கழுவ எழுந்துபோனார். ஆனால் அந்த நாளிலிருந்து ஒரு மாற்றம் வந்தது. கூட்டங்களில் பேசும்போது நடுவில் சட்டென்று நின்றுவிடுகிறார் என்று மம்மது சொன்னார். எதையோ காதுகொடுத்துக் கேட்கிறமாதிரி நிற்கிறாராம். வயசாகிறது என்று நான் சொல்லி வைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் கல்கத்தாவிலிருந்து எதிர்வீட்டுக்குத் தந்தி வந்தது. லியா பிரசவத்தில் போய்விட்டாள். குழந்தையும் பிழைக்கவில்லை. அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

எதிர்வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் எழுந்ததும் எங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அக்கா எழுந்தாள். சட்டையின் கழுத்தோரத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக் கிழித்தாள். எங்கள் வழக்கத்தில் பெற்ற பிள்ளை செத்தால் கிழிக்கிற கிழிப்பு அது. பிறகு வெறுங்காலோடு மழையில் இறங்கித் தெருவைத் தாண்டினாள். நான் பின்னால் ஓடினேன்.

பெரிய வீட்டுக் கூடத்தில் துக்கக்காரர்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் வழக்கமான ஏழு நாள் துக்கத்தில் ரத்தச் சொந்தம் மட்டும்தான் கீழே உட்காரலாம். அக்கா நேரே போய் நெஹேமியா முதலாளிக்கு எதிரில் உட்கார்ந்தாள். சுவரோரம் நின்ற கிழவி ஒருத்தி, "இவ எந்த உறவுன்னு இங்க வந்து உக்கார்றா?" என்று முணுமுணுத்தாள்.

முதலாளி தலையைத் தூக்காமலே சொன்னார்: "பால் குடுத்தவ. உக்காரட்டும்."

வாசலில் நிழல் தட்டியது. என் கணவர் வந்து நின்றிருந்தார். தலையெல்லாம் மழை. உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். முதலாளி அவரைப் பார்த்தாரோ இல்லையோ, அக்காவிடம் பேசினார்.

"அன்னைக்கு ஊர்வலத்தை உன் வாசல்ல நிறுத்தச் சொன்னது லியா இல்ல, சிம்ஹா. நான்தான். நீ வருவேன்னு நெனச்சேன். நீ வந்து பாடினா, மறுநாளே உன் தம்பியைக் கூப்பிட்டு பெஞ்சுல உக்கார வெச்சுடலாம்னு மனசுல இருந்துது. அவன்கிட்ட அதைச் சொல்றதுக்கு எனக்கு வாய் வரல."

அக்கா கிழிந்த கழுத்தோரத்தை ஒரு கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"வாசல் வரைக்கும் வந்தேன்" என்றாள். "இவன் நின்னுட்டிருந்தான்."

குரலில் கோபமே இல்லை. வழியில் மாடு படுத்திருந்தது என்று சொல்கிறமாதிரிதான் சொன்னாள். நான் என் கணவரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

துக்க வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, முதல் சாப்பாடு வெளியிலிருந்துதான் வர வேண்டும். நான் வீட்டுக்குப் போய் வழக்கப்படி முட்டைகளை வேகவைத்து, ரொட்டியோடு ஒரு கூடையில் எடுத்துக்கொண்டு வந்தேன். என் கணவர் இன்னும் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என் கையிலிருந்து கூடையை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். முதலாளிக்கும் அக்காவுக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்தார். எங்கள் வீட்டில் ஒரு வெங்காயம்கூட உரித்தறியாதவர், சுடச்சுட ஒரு முட்டையை எடுத்து உரிக்க ஆரம்பித்தார். ஓடு சில்லுசில்லாக உடைந்து வெள்ளையோடு பிய்ந்து வந்தது. பிய்ந்ததை முதலாளியின் தட்டில் வைத்தார். இரண்டாவது முட்டையை மெதுவாக, ரொம்ப மெதுவாக உரித்தார். அது முழுசாக வந்தது. அதை அக்காவிடம் நீட்டினார்.

அக்கா வாங்கிக்கொண்டாள். சாப்பிடவில்லை. இரண்டு உள்ளங்கைகளிலும் அதை ஏந்தி மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலிருந்து மெல்ல ஆவி போய்க்கொண்டிருந்தது.